நன்றியுரைக்குப் பின் பாட்டு

நாலு தமிழர் ஓரிடத்தில் சேர்ந்தால் சங்கம் வைப்பார்கள், ஐந்தாவது ஆள் வந்தால் போட்டிச் சங்கம் வைப்பார்கள் என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். சிரிப்பதோடு சரி, வைப்பதை நிறுத்தியதில்லை. எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்து டன்லப் ஸ்ட்ரீட்டில், மசாலா அரைக்கும் கடையொன்றின் மேல்மாடியில், ‘நார்வே முற்போக்கு ராக் இசைத் தமிழ் ரசிகர் சங்கம்’ என்று ஒன்று இருந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே மேலே படிக்கலாம், சங்கத்துக்கு அதனால் குறைவில்லை. அதற்கு ரப்பர் முத்திரை இருந்தது. அச்சடித்த கடிதத்தாள் இருந்தது. தலைவர், துணைத்தலைவர்கள், செயலாளர், கணக்குப் பரிசோதகர்கள், சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை எல்லாம் இருந்தன. வாடகையைக் குறைக்கக் கேட்டதற்குப் பதிலாகக் கீழ்க்கடைக்காரர் அப்துல் அலீமின் ஸ்டீரியோப் பெட்டியும் மேலே ஏறியிருந்தது. நார்வே இசைத்தட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. அதனால் சங்கத்தின் பணிகளுக்கு எந்தக் குந்தகமும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

தலைவர் பேரின்பநாயகம் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். துறைமுகத்துக் கப்பற்காரர்கள் கிளப்பில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது இந்த இசையைக் காதால் கேட்டாராம். ராக் என்றால் ராக்தான், ஆனால் மூன்று நிமிஷத்தில் முடிகிற சமாசாரம் இல்லை. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். ஆர்கன் அழும், கிடார் அதட்டும், தாளம் நடுவழியில் மனம் மாறி வேறு பக்கம் போகும். மழை விடுவதற்குள் தலைவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மழை விட்டதும் வெளியே வந்து சங்கம் தொடங்கிவிட்டார். மிச்சத்தைக் கேட்க நேரம் இருக்கவில்லை.

இந்த இடத்துக்குத்தான் ஆம்ப்ரோஸ் வந்து சேர்ந்தான், ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாக. கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி அனுப்பும் கம்பெனியில் கிளார்க். படகில் சாமான் ஏற்றிக்கொண்டு நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வருவான். நார்வே கப்பல் ஒன்றின் சமையற்காரன், கேட்ட மறுநாளே பச்சைக் கொத்தமல்லி கொண்டுவந்து கொடுத்த நன்றிக்கு ஓர் இசைத்தட்டைக் கையில் திணித்துவிட்டான். அட்டையில் நீளமுடிக்காரர்கள் ஐந்து பேர் பனிமூட்டத்தில் நின்றார்கள். தோ பாயோவில் அவன் வீட்டில் ரேடியோ உண்டு, தட்டுப் போடும் பெட்டி இல்லை. மனைவி உர்சுலா ரேடியோ பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கயாச்சும் போட்டுக் கேட்டுட்டு வாங்க. அப்படியே எனக்கும் சொல்லுங்க, எப்படி இருக்குன்னு,” என்றாள்.

“தேக்கா பக்கம் ஒரு சங்கம் இருக்காம்லா. ஒரு தடவ போட்டுக் கேட்டுட்டு ஓடி வந்துர்றேன்,” என்று சொல்லிக் கிளம்பினான். சங்கத்துக்குள் போய் ஓடி வந்தவர் யார்?

தட்டைக் கண்டதும் செயற்குழு அவசரமாகக் கூடியது. உறுப்பினர் ஆகாதவர் ஸ்டீரியோவைத் தொடக்கூடாது என்றார்கள். உறுப்பினர் ஆனான். உறுப்பினர் கொண்டுவரும் தட்டு சங்கத்தின் உடைமை என்றார்கள்.

“சார், இது எனக்குக் கொடுத்தது,” என்றான் ஆம்ப்ரோஸ்.

“ஓம் தம்பி. உமக்குத்தான் தந்தது. நீர் ஆர்? சங்கத்தின்ர அங்கத்தவர். பிறகென்ன கதை?” என்றார் தலைவர்.

தட்டுக்கு மாலை போட்டார்கள். அட்டையில் இருந்த ஐவருக்கும் தோள்வரை முடி. ஆபீசுக்கு ஆபீஸ் ‘நீளமுடி வைத்த ஆண்கள் கடைசியில்தான் கவனிக்கப்படுவார்கள்’ என்று அரசாங்கம் போஸ்டர் ஒட்டியிருந்த காலம் அது. சங்கத்துக்கு வில்லங்கம் வரக்கூடாது என்று, காதுக்குக் கீழே தொங்கிய முடியை மட்டும் பழுப்புத்தாள் ஒட்டி மறைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். அப்துல் அலீம் ‘இசைத்தட்டுக் காப்பாளர்’ ஆக்கப்பட்டு, வெள்ளைக் கையுறை வழங்கப்பட்டார். மிளகாய்த்தூள் கை என்பதால் அந்த ஒரு முடிவில் மட்டும் நியாயம் இருந்தது.

மாதக் கூட்டத்தில் தட்டு போடப்படும் என்று அறிவிப்பு வந்தது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சென்ற கூட்டத்தின் குறிப்பு, அதன் மேல் விவாதம், ஆய்வுரை, ஆய்வுரைக்குப் பாராட்டுரை எல்லாம் முடிந்து தட்டு சுழலும்போது கீழே மிளகாய் அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். மேலே தும்மல். ஆர்கன் ஆரம்பித்துக் கொஞ்சம் நடப்பதற்குள் தலைவர் கையைத் தூக்குவார், கூட்டம் நிறைவுறும். அடுத்த மாதம் விட்ட இடத்திலிருந்து போடலாமே என்றால், சென்ற மாதம் வராத உறுப்பினர்களின் உரிமை என்னாவது? ஆகவே முதலிலிருந்து. இப்படியே வருஷம் ஓடிற்று. ஆம்ப்ரோசுக்கு அந்த ஆர்கன் தொடக்கம் மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் என்ன வரும் என்று அவனுக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது.

தெரியாததால்தான் செயலாளர் சுப்பிரமணியத்துக்குப் பட்டம் கிடைத்தது. இந்தப் பாட்டில் மனிதக் குரலே இல்லை, குரலைத் துறப்பதே நார்வேயின் முற்போக்கு என்று அவர் ஆய்வுரை படித்தார். முடிவில் சொன்னார்: “பாட்டை முழுமையாகக் கேட்டுவிட்டு ஆய்வு செய்பவன் தன் காதுக்கு அடிமையாகிறான். யான் கேளாமலே ஆய்ந்தேன். ஆதலின் யானே நடுநிலையாளன்.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ‘நார்வே இசைச் செம்மல்’ என்று பொன்னாடை போர்த்தினார்கள். ஆம்ப்ரோசும் கைதட்டினான். எல்லாரும் தட்டும்போது சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

இந்த லட்சணத்தில்தான் ஐவின் வந்தார்.

ஒரு சனிக்கிழமை, எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போன ஆம்ப்ரோஸ், கையெழுத்துப் போட வந்த இன்ஜினியரிடம் பெருமையாகச் சங்கத்தைப் பற்றிச் சொன்னான். நார்வேக்காரர், நாற்பது வயதிருக்கும், நரைத்த முடி தோளில் புரண்டது. தட்டின் அட்டை எப்படி இருக்கும் என்று ஆம்ப்ரோஸ் விவரிக்க, மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஐந்து பேரில் இடது கோடியில் நிற்பது தான் என்றார். ஆர்கன் வாசித்தது தான் என்றார். ஆம்ப்ரோஸ் பழுப்புத்தாளை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆர்கனைப் பதிவு செய்து முடித்ததுமே கப்பல் வேலைக்கு வந்துவிட்டார். பாடியது தம்பி ஹோகன். தம்பியின் குரலைப் பிறகுதான் சேர்த்தார்கள். தட்டு வெளிவந்தது, நூற்றுக்கணக்கில்கூட விற்கவில்லை, கம்பெனி மூடிப்போயிற்று. இவர் ஊர் திரும்புவதற்குள் ஹோகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். அம்மா வீட்டில் இருந்த தட்டுகளும் அதற்குள் ஒரு தீ விபத்தில் போயிருந்தன. போகிற துறைமுகம் எல்லாம் கடை கடையாகத் தேடியாயிற்று. அந்தத் தட்டில் தம்பி பாடியதை இவர் இன்றுவரை கேட்டதில்லை.

“நாளைக்கு மட்டும் கரைக்கு வரலாம். கப்பலுக்குத் திரும்ப ஆறரைக்குக் கடைசி லாஞ்ச், அதோடு கப்பல் கிளம்பிவிடும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “ஒரு பக்கம். ஒரே ஒரு தடவை. முடியுமா?”

“நிச்சயமா சார். என் பொறுப்பு,” என்றான் ஆம்ப்ரோஸ். அவன் மனசு அப்போது சுத்தமாகத்தான் இருந்தது. அலமாரிச் சாவியை வாங்குவோம், அலீம் பாய் தட்டைப் போடட்டும், அந்த மனுஷன் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே தலைவர் வீட்டுக்கு ஓடினான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா? தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“சாவியோ? நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? ஒரு நோர்வேக் கலைஞர் வாறார். ஒரு மாலை இல்லாமல், ஒரு பொன்னாடை இல்லாமல், களவாய்க் கூட்டி வந்து பாட்டுப் போட்டு அனுப்புறதோ? தோ பாயோப் போட்டிச் சங்கத்துக்கு இது தெரிஞ்சால்?” தோ பாயோப் போட்டிச் சங்கம் என்பது ஸ்வீடன் பக்கம் சாய்ந்தவர்கள் பிரிந்துபோய்த் தொடங்கியது. “நாலு மணிக்குப் பாராட்டு விழா. பாட்டு இல்லாமலோ? பாட்டும் உண்டு. நிகழ்ச்சி நிரலில் உம்முடைய பேரும் வரும், ‘ஏற்பாடு: ஆம்ப்ரோஸ்’ எண்டு.”

இதுவரை அவன் பெயர் எதிலும் அச்சானதில்லை, கல்யாணப் பத்திரிகையைத் தவிர. “சரி சார்,” என்றான். அந்தச் ‘சரி’தான் சனி.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. உர்சுலாவும் பாட்டுக் கேட்க வந்து முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐவின் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் வந்தார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், உர்சுலாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நிரலைப் பார்த்த ஆம்ப்ரோசுக்குத் திக்கென்றது. பாட்டு கடைசியில், நன்றியுரைக்கும் பிறகு இருந்தது.

“ஏன் சார் கடைசியில போட்டிருக்கீங்க? அவருக்கு ஆறரைக்கு லாஞ்ச்.”

சுப்பிரமணியம் விருந்தினரின் தோளைக் கண்ணால் காட்டினார். “முடியைப் பார்த்தீரா? அரசாங்க விதி என்ன? கடைசியில் கவனிக்கப்படுவார். நாம் சட்டத்தை மதிக்கும் சங்கம்.”

வரவேற்புரையைத் தொடர்ந்து வாழ்த்துரைகள் நடந்தன. நார்வேயின் மீன்வளம் பற்றி ஒருவர் பேசினார். பனிக்கும் பண்புக்கும் உள்ள தொடர்பை இன்னொருவர் பேசினார். விருந்தினரை ‘ஓரிரு சொற்கள்’ கூற அழைத்தபோது ஐவின் எழுந்து, “நன்றி. என் தம்பியின் பாட்டைப் போடுங்கள், தயவுசெய்து,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சுப்பிரமணியம் மொழிபெயர்த்தார்: “தமிழ்ப் பெருமக்களே, பனிபடர் நார்வேயின் நாற்பது லட்சம் மக்கள் சார்பாக உங்கள் தலைவரின் தொண்டினை வணங்குகிறேன் என்கிறார் விருந்தினர். மேலும் என்ன சொல்கிறார் என்றால்...” மேலும் நிறையச் சொன்னார்.

பிறகு தலைவருரை. “மூன்றே மூன்று கருத்துகளைக் கூறி அமர்கிறேன்,” என்று தொடங்கினார். முதல் கருத்து நடந்துகொண்டிருக்கும்போதே மணி ஐந்தரை. “அன்பர்களே, இந்தச் சங்கம் இசைக்காகத் தோன்றியது என்று சிலர் தவறாக எண்ணுகிறார்கள். இசை வரும், போகும். சங்கம் நிலைக்க வேண்டும். தட்டு என்பது போடப் போடத் தேய்வது. போடாத தட்டே என்றும் புதுத்தட்டு. அந்தத் தட்டைத் தேய்மானத்திலிருந்து காத்த பெருமை இந்தச் செயற்குழுவையே சாரும்.” எல்லாரும் தட்டினார்கள். ஒன்றும் புரியாத ஐவினும் மரியாதைக்குத் தட்டினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆம்ப்ரோசுக்கு உடம்பெல்லாம் கூசியது. நான்தானே கூட்டி வந்தேன், என் பொறுப்பு என்று சொன்னேனே என்று குறுகிப்போனான். ஒரு துண்டுச் சீட்டில் ‘சார், உடனே பாட்டு’ என்று எழுதி மேடைக்கு அனுப்பினான். தலைவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு மலர்ந்த முகத்தோடு மைக்கைப் பிடித்தார்.

“நண்பர் ஆம்ப்ரோஸ் சீட்டு அனுப்பித் துடிக்கிறார். அவரது ஆர்வம் புரிகிறது. நன்றியுரை ஆற்றும் வாய்ப்பை அவருக்கே வழங்குகிறோம். அதன்பின் பாட்டு.”

நல்லதாகப் போயிற்று என்றுதான் எழுந்தான். ‘எல்லாருக்கும் நன்றி, அலீம் பாய், தட்டைப் போடுங்க.’ இவ்வளவுதான் பேச்சு. நாற்காலியிலிருந்து மேடை வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனான். அலீம் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

“எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல,” என்றான். ஏனோ தெரியவில்லை, கூட்டம் கைதட்டியது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஆளே மாறிப்போனான். முப்பத்தைந்து வயசுவரை அவனுக்காக யாரும் கைதட்டியதில்லை. முகங்களைப் பார்த்தான். எல்லா முகங்களும் அவனையே பார்த்தன. “ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை,” என்று ஆரம்பித்தான். தமிழும் தானாகவே இலக்கணத்துக்கு ஏறிக்கொண்டது. கொத்தமல்லியைச் சொன்னான். அலைகளைச் சொன்னான், அன்று அடிக்காத அலைகளையும் சேர்த்துச் சொன்னான். சிரித்தார்கள். சிரிப்புக்குப் பிறகு கண்ணீர் வந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஹோகனை எடுத்தான்.

“ஹோகன்! அன்பர்களே, அண்ணன் ஒரு கரை, தம்பி மறு கரை,” என்றான். ஹோகன் விழுந்து கிடந்த சாலையை வர்ணித்தான். ஹோகனின் தாய் கதறியதை வர்ணித்தான். அவன் கண்ட மாதிரி! பெண்கள் பக்கம் கைக்குட்டை எடுத்தார்கள். ஐவினுக்குத் தமிழ் தெரியாது, தம்பியின் பெயர் தெரியுமே. ஹோகன், ஹோகன் என்று மைக்கில் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். பாட்டைத்தான் அறிவிக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அலீமின் கையைப் பார்த்தார், திரும்ப மேடையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பொன்னாடையை நான்காக மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். மேடையைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார். உர்சுலாவும் பின்னாலேயே எழுந்து போனாள். ஆம்ப்ரோஸ் பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கழிவறைக்குப் போகிறார் போலிருக்கிறது, உர்சுலா வழிகாட்டப் போகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டான். அவர் திரும்பி வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது தன் கடமை என்று, இன்னும் கொஞ்சம் பேசினான்.

முடித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். விருந்தினர் விட்டுப்போன பொன்னாடை வீணாகக்கூடாது என்று தலைவர் அதையே எடுத்துப் பிரித்து ஆம்ப்ரோசுக்குப் போர்த்தினார். அவனும் கழுத்தைக் குனித்துக் கொடுத்தான். “தம்பி, இவ்வளவு நாளும் உம்மை எங்க ஒளிச்சு வச்சிருந்தீர்? அடுத்த முறை உதவிச் செயலாளர் நீர்தான்,” என்றார்.

நிரலில் இருப்பதை விடக்கூடாது என்று அலீம் தட்டைப் போட்டார். தட்டில் வடையும் தேநீரும் சுற்றி வந்தன. மிளகாய் மில்லுக்கு அன்று விடுமுறை. ஆர்கன் எழுந்தது, நடந்தது, எல்லாருக்கும் பழகிய இடத்தைத் தாண்டியது. கையைத் தூக்க வேண்டியவர் வடை தின்றுகொண்டிருந்தார். நாற்காலிகளை மடக்கும் சத்தத்தின் நடுவே ஒரு வாலிபக் குரல் பாடத் தொடங்கியது. சன்னமான குரல், யாரையோ கூப்பிடுகிற மாதிரி. லாஞ்சுக்கு ஐவினை டாக்சியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த உர்சுலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அலீம் தலையைக் குனிந்துகொண்டார்.

“குரல்போலத் தோன்றும் ஒரு வகை ஆர்கன்,” என்றார் சுப்பிரமணியம்.

“எப்படியிருந்தாலும் கூட்டக்குறிப்பில் ஏற வேண்டாம்,” என்றார் தலைவர்.

ஆம்ப்ரோஸ் பாட்டைக் கேட்டானா என்றால், கேட்கவில்லை. அவனைச் சுற்றி ஆறேழு பேர் நின்று கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தோ பாயோ பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பொன்னாடை இன்னும் தோளில் கிடப்பது தெரிந்தது. எதிர் சீட்டுச் சீனக் கிழவர் அதையே பார்த்தார். அவசரமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கேட்கக்கூடாது கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

“எப்படிப் பேசினேன்?”

உர்சுலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“நீங்க மைக்கைப் பிடிச்சதுமே அவர் எழுந்திரிக்கத்தான் பார்த்தாரு. லாஞ்சுக்குப் போற வழியில டாக்சிய நிறுத்தி, எங்கயாச்சும் ஸ்டீரியோ கடையில போட்டுக் கேட்கலாமா, தட்டை மட்டும் கொடுப்பாங்களான்னு எங்கிட்ட மெல்லக் கேட்டாரு. நான்தான் கையப் பிடிச்சு உட்கார வச்சேன். வேணாம் சார், இப்பப் பேசறது என் ஹஸ்பண்ட், உங்க கஷ்டம் அவருக்குத் தெரியும், ரெண்டே வார்த்தையில முடிச்சிடுவாருன்னு சொன்னேன்.”